பெர்ன்ஹார்ட் சோண்டெக்

பெர்ன்ஹார்ட் சோண்டெக் (ஜூலை 29, 1891 – நவம்பர் 8, 1966) ஜெர்மனியில் பிறந்து பின்னர் எருசலேமில் வாழ்ந்த மகப்பேற்று மருத்துவரும் பெண்நோயியல் அறிஞரும் ஆவார். பெண்களின் மாதவிடாய்ச் சுழற்சியைச் சூலகம் தன்போக்கில் நடத்துவதில்லை, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் முன்மடலே அதனை ஏவுகிறது என்பதைக் கண்டறிந்தவர்களுள் இவர் முதன்மையானவர். செல்மார் அஷ்ஹைமுடன் இணைந்து 1928 ஆம் ஆண்டில் இவர் அறிவித்த அஷ்ஹைம்-சோண்டெக் சோதனை, ஒரு பெண் கருவுற்றிருப்பதைத் தொடக்க வாரங்களிலேயே நம்பத்தக்க முறையில் காட்டிய முதல் ஆய்வுக்கூடச் சோதனையாகும். யூதராகிய இவர் 1933 இல் நாசி ஆட்சியினரால் பதவியிலிருந்து நீக்கப்பட்டு நாட்டை விட்டு வெளியேறினார்.

சோண்டெக்கிற்கு முந்தைய நிலை

சோண்டெக்கின் பணியை விளங்கிக்கொள்ள, அவருக்கு முன்னர் மாதவிடாய் பற்றி என்ன அறியப்பட்டிருந்தது என்பதைப் பார்த்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, சூலகத்தில் முட்டை வளரும்போது நரம்புகள் அழுத்தப்படுவதாலேயே மாதவிடாய் உண்டாகிறது என்ற கொள்கை மருத்துவர்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. 1896 ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த எமில் கனாவர், முயல்களின் சூலகத்தை அகற்றி உடலின் வேறோர் இடத்தில் ஒட்டவைத்தார். நரம்புத் தொடர்பு அறுந்த பின்னும் கருப்பை சுருங்காமல் இருந்தது. சூலகம் குருதி வழியாக ஏதோ ஒரு பொருளை அனுப்புகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. இத்தகைய பொருள்களே பின்னர் ஹார்மோன்கள் என்றும், தமிழில் இயக்குநீர்கள் என்றும் பெயர் பெற்றன.

1903 இல் பிரெசுலாவ் நகரின் லுட்விக் பிராங்கெல், முட்டை வெளியேறிய பின்பு சூலகத்தில் எஞ்சி நிற்கும் மஞ்சள் உடலம் என்னும் திரளையைப் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டார். கருவுற்ற முயல்களில் அதனைச் சுட்டு அழித்தால் கரு நிலைப்பதில்லை என்று அவை காட்டின. 1908 இல் வியன்னாவின் இட்சுமான், ஆட்லர் ஆகிய இருவரும் கருப்பையின் உட்படலம் மாதந்தோறும் தடித்துப் பின் உதிர்கிறது என்றும், அது இயல்பான மாற்றமே என்றும் நிறுவினர். அதற்கு முன்னர் இத்தடிப்பை அழற்சி நோய் என்று கருதி, நலமாக இருந்த பெண்களின் கருப்பையைச் சுரண்டி மருத்துவம் செய்து வந்தனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

1923 இல் அமெரிக்காவில் எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்சி ஆகியோர் பன்றியின் சூலக நுண்பைகளிலிருந்து எடுத்த நீரைச் சூலகம் நீக்கப்பட்ட எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் ஊசி மூலம் செலுத்திச் சினைப்பருவத்தை உண்டாக்கினர். நுண்பை என்பது முட்டையைச் சூழ்ந்து வளரும் நீர் நிறைந்த சிறு பையாகும். அந்நீரில் இருந்த இயக்குநீரே இன்று ஈஸ்ட்ரோஜன் எனப்படுகிறது. யோனிக் கசிவை உருப்பெருக்கியில் பார்த்தே சுண்டெலியின் சினைப்பருவத்தை அறியலாம் என்பதால், இயக்குநீரை அளப்பதற்கு எளிய அளவுகோல் ஒன்றும் இதனால் கிடைத்தது.

ஆகவே 1920களின் நடுவில், கருப்பையைச் சூலகம் ஏவுகிறது என்பது ஐயமற்ற செய்தியாகிவிட்டது. சூலகத்தை ஏவுவது எது என்ற கேள்வி மட்டும் எஞ்சி நின்றது.

இளமையும் கல்வியும்

சோண்டெக், அன்று ஜெர்மானியப் பேரரசின் போசன் மாநிலத்தில் இருந்த விரோங்கெ என்ற சிற்றூரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவ்வூர் இன்று விரோங்கி என்னும் பெயரில் போலந்து நாட்டில் உள்ளது. இவருடைய உடன்பிறந்தோராகிய ஹெர்மன் சோண்டெக், சாமுவேல் கியார்க் சோண்டெக் ஆகிய இருவரும் மருத்துவர்களே. மூத்தவரான ஹெர்மன், தைராய்டு சுரப்பி குன்றுவதால் இதயம் பாதிக்கப்படுவதை விளக்கிப் புகழ் பெற்றவர். ஒரே குடும்பத்து அண்ணனும் தம்பியும் இயக்குநீரியலில் பெயர் பெற்றமையால், பழைய நூல்களில் ஒருவரது பணி மற்றவர் பெயரில் குறிக்கப்படுவதும் உண்டு. படிப்போர் முதற்பெயரைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பெர்ன்ஹார்ட் பெர்லினில் மருத்துவம் பயின்று 1919 இல் பட்டம் பெற்றார். பின்னர் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்த பல்கலைக்கழகப் பெண்கள் மருத்துவ நிலையத்தில் கார்ல் பிரான்சு என்பவரின் கீழ்ப் பணியாற்றினார். 1923 இல் மகப்பேறு, பெண்நோயியல் ஆகிய துறைகளில் விரிவுரையாற்றும் தகுதியும், 1926 இல் பேராசிரியர் பட்டமும் பெற்றார். அந்நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் அவரைவிட 13 வயது மூத்தவரான செல்மார் அஷ்ஹைமுடன் (1878–1965) அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. திசுக்களை உருப்பெருக்கியில் ஆராய்வதில் தேர்ந்தவர் அஷ்ஹைம். சோண்டெக்கோ சோதனைகளை வகுப்பதில் வல்லவர். இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக அமைந்தனர்.

பிட்யூட்டரி ஆய்வு

பருவமடையாத சுண்டெலிக்குச் சூலக இயக்குநீரைச் செலுத்தினால் அதன் யோனியும் கருப்பையும் வளர்ந்த சுண்டெலியினுடையவை போல மாறுகின்றன. ஆனால் அதன் சூலகம் மட்டும் குழந்தைப் பருவத்திலேயே நின்றுவிடுகிறது. இதனைக் கண்ட சோண்டெக்கும் அஷ்ஹைமும், சூலகத்தை எழுப்பும் பொருள் சூலகத்திற்கு வெளியே இருத்தல் வேண்டும் எனக் கருதினர். பல்வேறு உறுப்புகளிலிருந்தும் சுரப்பிகளிலிருந்தும் சிறு துண்டுகளை எடுத்துப் பருவமடையாத பெண் சுண்டெலிகளின் உடலில் பதித்துப் பார்த்தனர். பிட்யூட்டரியின் முன்மடலைப் பதித்தபோது மட்டுமே சூலகம் விழித்தது. ஏறத்தாழ 100 மணி நேரத்தில் நுண்பைகள் பெருத்தன, முட்டைகள் முதிர்ந்தன, மஞ்சள் உடலங்கள் தோன்றின, சுண்டெலி சினைப்பருவத்தை அடைந்தது.

இங்கு அவர்கள் செய்த ஒரு சரிபார்ப்பு குறிப்பிடத்தக்கது. சூலகம் நீக்கப்பட்ட சுண்டெலியில் அதே முன்மடலைப் பதித்தபோது ஒன்றும் நிகழவில்லை. முன்மடலில் ஈஸ்ட்ரோஜன் இருந்திருந்தால் சூலகம் இல்லாத விலங்கிலும் சினைப்பருவம் தோன்றியிருக்கும். எனவே முன்மடல் கருப்பையை நேரே தொடுவதில்லை, சூலகத்தின் வாயிலாகவே செயல்படுகிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். கட்டளை மேலிருந்து கீழாகப் படிப்படியாக இறங்குகிறது என்னும் கருத்து இவ்வாறு எளிய இரு சோதனைகளால் நிலைபெற்றது. சோண்டெக் பிட்யூட்டரியை இனப்பெருக்கச் செயல்களின் இயந்திரம் என்று வருணித்து வந்தார்.

இதே காலத்தில் அமெரிக்காவில் பிலிப் ஸ்மித், எர்ல் எங்கிள் ஆகியோரும் இதே முடிவைத் தனியே எட்டினர். ஸ்மித், எலியின் மூளைக்குச் சேதம் நேராமல் பிட்யூட்டரியை அகற்றும் அறுவை முறையை உருவாக்கியவர். அகற்றியபின் சூலகம் சுருங்குவதையும், சுரப்பியை மீண்டும் பதித்தபின் அது உயிர் பெறுவதையும் அவர் காட்டினார். இருதரப்பாரின் முடிவுகளும் 1926, 1927 ஆண்டுகளில் வெளிவந்தன. யார் முந்தியவர் என்ற வழக்கு எழுந்தாலும், இக்கண்டுபிடிப்பு இருதரப்பாருக்கும் உரியது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட நிலையாகும்.

சிறுநீரும் சுண்டெலியும்

சுரப்பியைச் சோதிக்கச் சுரப்பியே வேண்டும் என்ற நிலை மருத்துவருக்குப் பயன்படாது. உயிருள்ள பெண்ணின் பிட்யூட்டரியை எடுத்துப் பார்க்க இயலாது அல்லவா? எனவே இருவரும் உடலிலிருந்து வெளியேறும் நீர்மங்களில் இயக்குநீர்களைத் தேடினர். 1927 இல் கருவுற்ற பெண்களின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் பேரளவில் இருப்பதை அறிவித்தனர். இச்செய்தி வேதியியலாளர்களுக்குப் பெரும் வரமாயிற்று. அதுவரை கசாப்புக் கூடங்களிலிருந்து பன்றிச் சூலகங்களைக் குவியல் குவியலாக வாங்கிச் சிறு துளி இயக்குநீருக்காகப் போராடி வந்தவர்கள், இனிச் சிறுநீரையே மூலப்பொருளாகக் கொள்ளலாம் என்றாயிற்று. 1929 இல் அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டெனாண்டும் ஈஸ்ட்ரோன் என்னும் முதற் சூலக இயக்குநீரைப் படிகமாகப் பிரித்தெடுத்தது கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்தேயாகும்.

அதே சிறுநீரில் மற்றொரு பொருளும் இருந்தது. அதனைச் செலுத்தியபோது பருவமடையாத சுண்டெலியின் யோனி மட்டுமன்றிச் சூலகமும் மாறியது. முன்மடலைப் பதித்தபோது கண்ட அதே மாற்றங்கள் தோன்றின. இதனை அடிப்படையாகக் கொண்டு 1928 இல் இருவரும் கருத்தரிப்புச் சோதனையை வெளியிட்டனர்.

சோதனை முறை இது: பெண்ணின் காலைச் சிறுநீர் பெறப்படும். மூன்று நான்கு வாரமே ஆன, 6 முதல் 8 கிராம் எடையுள்ள ஐந்து பெண் சுண்டெலிகளுக்கு அது இரண்டு நாள்களில் ஆறு முறை சிறிது சிறிதாக ஊசி வழியே செலுத்தப்படும். ஐந்தாம் நாளில் சுண்டெலிகளைக் கொன்று சூலகங்களைப் பார்ப்பர். நுண்பைகள் முதிர்ந்திருத்தல் முதல் விளைவு என்றும், நுண்பைக்குள் குருதி கசிந்து சிவந்த புள்ளிகளாகத் தெரிதல் இரண்டாம் விளைவு என்றும், மஞ்சள் உடலங்கள் தோன்றியிருத்தல் மூன்றாம் விளைவு என்றும் பெயரிடப்பட்டன. முதல் விளைவை மட்டும் கொண்டு கருவுற்றிருப்பதாகக் கூறலாகாது. இரண்டாவதோ மூன்றாவதோ தெரிதல் வேண்டும். சிவந்த புள்ளிகளை வெறுங்கண்ணாலேயே காணலாம். சோதனை 100க்கு 98 அளவில் சரியாக இருந்தது. அக்கால மருத்துவத்தில் இத்தகைய துல்லியம் அரிது.

இச்சோதனைக்கு முன்னர், கருவுற்றதை உறுதியாக அறிய ஒரு பெண் பல மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. மாதவிடாய் தள்ளிப்போவதற்கு வேறு காரணங்களும் உண்டு. வயிற்றில் வளர்வது கட்டியா கருவா என்று தேர்ந்த மருத்துவரும் தடுமாறுவது வழக்கமாக இருந்தது. இதய நோயோ காசநோயோ உள்ள பெண்ணுக்கு இந்தக் காத்திருப்பு உயிர்ப் பிரச்சினையாகவும் முடிந்தது. சோதனை விரைவில் பல நாடுகளுக்குப் பரவியது. 1929 இலேயே ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் இதற்கெனத் தனி நிலையம் தொடங்கப்பட்டு, பிரித்தானியாவின் பல இடங்களிலிருந்தும் மருத்துவர்கள் அஞ்சலில் சிறுநீரை அனுப்பி வைத்தனர். 1931 இல் அமெரிக்காவின் மாரிஸ் பிரீட்மன் சுண்டெலிக்குப் பதிலாக முயலைப் பயன்படுத்தினார். பின்னர் ஆப்பிரிக்கத் தவளையும் பயன்பட்டது. தவளையைக் கொல்ல வேண்டியதில்லை என்பது அதன் சிறப்பு. 1960 இல் சுவீடனின் வீடே, கெம்செல் ஆகியோர் எதிர்ப்பொருள் கொண்டு சோதிக்கும் முறையை வெளியிட்ட பிறகே விலங்குகளின் தேவை படிப்படியாக நீங்கியது. இன்று மருந்துக் கடைகளில் விற்கப்படும் சோதனைப் பட்டைகள் தேடுவதும் சோண்டெக்கின் சுண்டெலிகள் காட்டிய அதே பொருளையே.

கருவுற்றதை அறிவதை விடவும் முதன்மையான பயன் ஒன்று இச்சோதனையில் இருந்ததாகக் கூறலாம். முத்துப்பிள்ளை எனப்படும் பழுதுற்ற கருவிலும், அதிலிருந்து சில நேரங்களில் தோன்றும் புற்றுநோயிலும் இப்பொருள் மிகப் பேரளவில் சுரக்கிறது. முத்துப்பிள்ளையை அகற்றிய பின்னும் சிறுநீரில் அது குறையாமல் இருந்தால் புற்று ஒளிந்திருக்கிறது என ஐயுற வேண்டும். ஆண்களின் சில விதைப்பைப் புற்றுகளிலும் இப்பொருள் தோன்றுவதைச் சோண்டெக் கண்டார். நோயாளியின் குருதியில் இதே பொருளை வாரந்தோறும் அளந்து நோயின் போக்கை அறியும் இன்றைய முறை இதிலிருந்து வளர்ந்ததாகும்.

புரோலன் ஏ, புரோலன் பி

சூலகத்தைத் தூண்டும் இப்பொருளுக்கு, மகவு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து புரோலன் என்று பெயரிட்டனர். 1929 இல் சோண்டெக், சாரிட்டேயிலிருந்து பெர்லினின் ஸ்பாண்டாவ் நகர மருத்துவமனையில் மகப்பேறு, பெண்நோய்ப் பிரிவின் தலைமை மருத்துவராகச் சென்றார். அங்கு நோயாளிகளின் சிறுநீரை ஆராயும்போது ஒரு வேறுபாட்டைக் கண்டார். மாதவிடாய் நின்றுவிட்ட முதிய பெண்களிடமும், சூலகம் அகற்றப்பட்ட பெண்களிடமும் கிடைத்த சிறுநீர், சுண்டெலியின் நுண்பைகளை வளர்த்ததேயன்றி மஞ்சள் உடலத்தைத் தோற்றுவிக்கவில்லை. கருவுற்ற பெண்களின் சிறுநீரோ மஞ்சள் உடலத்தையும் தோற்றுவித்தது.

இதிலிருந்து, முன்மடல் ஒன்றல்ல, இரண்டு இயக்குநீர்களைச் சுரக்கிறது என்று அவர் கூறினார். நுண்பையை முதிர்விப்பது புரோலன் ஏ. நுண்பையை மஞ்சள் உடலமாக மாற்றுவது புரோலன் பி. முதலாவதன் ஏவலால் நுண்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்க, அது கருப்பையின் உட்படலத்தை வளர்க்கிறது. இரண்டாவதன் ஏவலால் மஞ்சள் உடலம் தன் இயக்குநீரைச் சுரக்க, அது வளர்ந்த படலத்தைக் கருவை ஏற்பதற்கு ஏற்றவாறு பதப்படுத்துகிறது. கரு வந்து சேரவில்லையெனில் மஞ்சள் உடலம் வாடுகிறது. தாங்குவார் இன்றிப் படலம் உதிர்கிறது. அதுவே மாதவிடாய்.

இன்றைய பாடநூல்களில் உள்ள மாதவிடாய்ச் சுழற்சி விளக்கத்தின் எலும்புக்கூடு இதுவேயாகும். புரோலன் ஏ இன்று நுண்பை தூண்டும் இயக்குநீர் எனவும், புரோலன் பி மஞ்சளாக்கும் இயக்குநீர் எனவும் வழங்கப்படுகின்றன. 1931 இல் அமெரிக்காவின் ஃபெவோல்ட், ஹிசா, லெனார்ட் ஆகிய மூவரும் பிட்யூட்டரியிலிருந்தே இவ்விரண்டையும் வேதிமுறையில் பிரித்துக் காட்டினர். மஞ்சள் உடலத்தின் இயக்குநீராகிய புரோஜெஸ்டிரோன் 1934 இல் தூய நிலையில் பெறப்பட்டது.

முதிய பெண்களின் சிறுநீர் பற்றிய கண்டுபிடிப்புக்கு மற்றொரு பொருளும் உண்டு. சூலகம் ஓய்ந்தபின் ஏவும் பொருள் குறைய வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். மாறாக அது கூடுகிறது. சூலகத்தின் இயக்குநீர் பிட்யூட்டரியைக் கட்டுப்படுத்தி வந்தது என்பதும், கட்டுப்பாடு நீங்கியதும் பிட்யூட்டரி தன் முழு வலிமையையும் காட்டுகிறது என்பதும் இதற்கு விளக்கமாகும். 1932 இல் அமெரிக்காவின் கார்ல் மூர், டாரத்தி பிரைஸ் ஆகியோர் இந்த இருவழி உறவைத் தெளிவாக எடுத்துரைத்தனர். நெடுங்காலம் கழித்து, இத்தாலியில் கன்னியர் மடங்களில் வாழ்ந்த முதிய துறவியரின் சிறுநீரைத் திரட்டி, அதிலிருந்து குழந்தைப்பேறு வேண்டுவோருக்கான மருந்து தயாரிக்கப்பட்டது. முட்டை வெளிப்படாத பெண்கள் அம்மருந்தால் 1960களின் தொடக்கத்தில் தாய்மையுற்றனர்.

1931 இல் சோண்டெக் தம் ஆய்வுகளைத் தொகுத்துச் சூலகம், பிட்யூட்டரி முன்மடல் ஆகியவற்றின் இயக்குநீர்கள் என்னும் பொருள் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு பெருநூலை வெளியிட்டார். அத்துறையில் அது நெடுங்காலம் அடிப்படை நூலாக விளங்கியது.

ஒரு பிழை

சோண்டெக்கின் புகழுக்குக் காரணமான சோதனையின் அடியிலேயே ஒரு பிழை இருந்தது. கருவுற்ற பெண்ணின் சிறுநீரில் உள்ள புரோலன் பிட்யூட்டரியிலிருந்து வருகிறது என அவர் கருதினார். முன்மடலும் சிறுநீரும் சுண்டெலியில் ஒரே விளைவைத் தந்ததால் இரண்டும் ஒன்றே என்ற முடிவு இயல்பானதே. ஆனால் 1930 இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் பிலிப், கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் பிட்யூட்டரி சுண்டெலியின் சூலகத்தைத் தூண்டவில்லை என்றும், நஞ்சுக்கொடித் திசு அதனைத் தூண்டியது என்றும் காட்டினார். 1938 இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜார்ஜ் கை, ஜார்ஜியானா சீகர், லூயிஸ் ஹெல்மன் ஆகியோர் நஞ்சுக்கொடி உயிரணுக்களைக் கண்ணாடிக் குழாயில் தனியே வளர்த்தபோது, அவை இப்பொருளைச் சுரந்தன. ஐயம் அத்துடன் நீங்கியது. இப்பொருளே மனிதக் கோரியானிக் கொனடோட்ரோபின் ஆகும்.

கரு தன் நஞ்சுக்கொடி வழியாக, பிட்யூட்டரியின் குரலைப் போன்ற குரலில் சூலகத்திடம் பேசுகிறது என்று இதனைப் புரிந்துகொள்ளலாம். வாடவிருந்த மஞ்சள் உடலம் அக்குரலைக் கேட்டு நிலைத்து நிற்கிறது, மாதவிடாய் தவறுகிறது. சோண்டெக்கின் சுண்டெலியில் மஞ்சள் உடலம் தோன்றியதும் இக்குரலால்தான். மூலம் எது என்பதில் அவர் தவறினாலும் சோதனை தவறவில்லை. சுண்டெலி தன்னை ஏவுவது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

பிட்யூட்டரிக்கு மேல் எவரும் இல்லை என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. பிட்யூட்டரிக்கு மேலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப்பகுதி நுண்ணிய குருதிக் குழாய்கள் வழியாக அதனை ஏவுகிறது என்பதை இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹாரிஸ் 1940களிலும் 1950களிலும் நிறுவினார். அந்த ஏவுபொருளின் அமைப்பை 1971 இல் கண்டறிந்த ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கில்மன் ஆகியோர் 1977 இல் நோபல் பரிசு பெற்றனர். ஹைப்போதலாமஸ் இடைவிடாது சுரப்பதில்லை. சுழற்சியின் முற்பாதியில் ஏறத்தாழ 60 முதல் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை துடிப்பாகவே சுரக்கிறது. நுண்பை முதிர்ந்து ஈஸ்ட்ரோஜன் மிகுந்து இரண்டு நாள் நிலைத்தால், அதுவரை பிட்யூட்டரியை அடக்கி வந்த அதே ஈஸ்ட்ரோஜன் அதனைத் தூண்டத் தொடங்குகிறது. மஞ்சளாக்கும் இயக்குநீர் திடீரெனப் பெருகி, அப்பெருக்கு தொடங்கிய 36 மணி நேர அளவில் முட்டை வெளிப்படுகிறது. ஒரே பொருள் அடக்கவும் தூண்டவும் வல்லது என்பது சோண்டெக்கின் காலத்து இருபடி விளக்கத்தில் இல்லாத ஒன்று.

பதவி நீக்கம்

1933 ஏப்ரலில் ஜெர்மனியில் யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. அவ்வாண்டில் சோண்டெக் ஸ்பாண்டாவ் மருத்துவமனைப் பதவியை இழந்தார். அப்போது அவருக்கு வயது 42 நிறைவடையவில்லை. அண்ணன் ஹெர்மனும் பெர்லினில் தாம் தலைமை வகித்த மருத்துவமனையிலிருந்து நீக்கப்பட்டார். அஷ்ஹைமும் பின்னர் ஜெர்மனியை விட்டுப் பாரிஸ் சென்றார். கருத்தரிப்புச் சோதனையை உலகுக்குத் தந்த இருவருக்கும் அது பிறந்த நகரில் இடமில்லாது போயிற்று. சோதனை மட்டும் ஜெர்மானிய மருத்துவமனைகளில் தொடர்ந்து பயன்பட்டு வந்தது.

சோண்டெக் முதலில் சுவீடன் சென்று, ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஹான்ஸ் ஃபான் ஆய்லரின் ஆய்வுக்கூடத்தில் சிறிது காலம் பணியாற்றினார். 1934 இல் அவர் அறிவித்த ஒரு செய்தி அறிவுலகை வியப்பில் ஆழ்த்தியது. சினையுற்ற குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் மிகுதி என்பதை அவரே 1930 இல் கண்டிருந்தார். இப்போது ஆண் குதிரையின் சிறுநீரில் அதனைவிடவும் மிகுதியாகப் பெண்மை இயக்குநீர் இருப்பதையும், அது விதைப்பையில் உண்டாவதையும் கண்டார். ஆண்மை இயக்குநீர், பெண்மை இயக்குநீர் என்ற பிரிவினை பெயரளவினதே என்பதற்கு ஆண் குதிரையை விடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

எருசலேமில்

1934 இல் சோண்டெக் அன்று பிரித்தானிய ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்திற்குக் குடிபெயர்ந்தார். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் மகப்பேறு, பெண்நோயியல் பேராசிரியராகவும், ஹதாசா மருத்துவமனையில் அப்பிரிவின் தலைவராகவும் பொறுப்பேற்று 1961 வரை பணியாற்றினார். அவரது நூலின் இரண்டாம் பதிப்பு 1935 இல் வியன்னாவில் அச்சாகி வெளிவந்தது.

ஹதாசாவில் ஃபெலிக்ஸ் சுல்மனுடன் இணைந்து, விலங்குகளுக்குக் கொனடோட்ரோபினைத் தொடர்ந்து செலுத்தினால் அதன் செயலை முறிக்கும் பொருள் அவற்றின் குருதியில் தோன்றுவதை ஆராய்ந்து 1942 இல் ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில், மாதவிடாய் வராத பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் சேர்த்துக் குறுகிய காலம் மட்டும் ஊசி மூலம் கொடுத்து, பின் நிறுத்தி, குருதிப்போக்கை வரவழைக்கும் எளிய முறையை எழுதினார். இயக்குநீர் விலகுவதே படலம் உதிரக் காரணம் என்ற கொள்கையை நேரே மருத்துவமாக மாற்றியது இம்முறை. கருவுற்ற பெண்ணுக்கு இவ்வாறு குருதி வராது என்பதால், பிற்காலத்தில் மருந்து நிறுவனங்கள் இதே கொள்கையைக் கொண்டு கருத்தரிப்பை அறிய மாத்திரைகளை விற்றன. அவை பிறவிக் குறைகளுக்குக் காரணமாகலாம் என்ற ஐயம் 1967 இல் எழுந்தது. பிரித்தானியாவில் அம்மாத்திரை 1978 இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதனை உட்கொண்ட தாய்மாரின் வழக்குகள் அதன் பின்னும் பல்லாண்டுகள் நீண்டன. சிறுநீரைச் சோதித்தால் போதும் என்ற நிலையில், பெண்ணின் உடலுக்குள்ளேயே சோதனையை நடத்த முனைந்தது வேண்டாத செயல் என்றே தோன்றுகிறது.

1939 இல் ஸ்கோபஸ் மலையில் ஹதாசாவின் புதிய மருத்துவமனை திறக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டுப் போரில் அம்மலை நகரிலிருந்து துண்டிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அங்கு சென்ற மருத்துவ வண்டித்தொடர் தாக்கப்பட்டு மருத்துவர்களும் செவிலியரும் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். மருத்துவமனை அங்கிருந்து வெளியேறி, நகருக்குள் சிதறிய கட்டடங்களில் பல ஆண்டுகள் இயங்கியது. அந்நிலையிலும் சோண்டெக் ஆய்வைக் கைவிடவில்லை. கருப்பைக் கழுத்தின் சளியைக் கண்ணாடியில் உலரவிட்டால் ஈஸ்ட்ரோஜன் மிகுந்த நாள்களில் அது பெரணி இலை போன்ற படிகக் கோலமாகப் படிகிறது. புரோஜெஸ்டிரோன் சுரந்ததும் கோலம் மறைகிறது. 1950களில் சோண்டெக் இதனை விரிவாக ஆராய்ந்தார். சுழற்சியின் எந்தப் பகுதியில் ஒரு பெண் இருக்கிறார் என்பதை ஒரு கண்ணாடித் துண்டும் உருப்பெருக்கியும் கொண்டு அறியும் இம்முறை, வசதி குறைந்த மருத்துவமனைகளுக்கு மிகவும் ஏற்றதாக இருந்தது.

இறுதிக் காலம்

1958 இல் மருத்துவத்திற்கான இசுரேல் பரிசு சோண்டெக்கிற்கு வழங்கப்பட்டது. நோபல் பரிசு அவருக்கோ அஷ்ஹைமுக்கோ கிட்டவில்லை. இருவரும் காட்டிய சிறுநீர் வழியே சென்ற பூட்டெனாண்ட் 1939 இல் வேதியியல் நோபல் பரிசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

முதுமையில் அவரது கவனம் மீண்டும் மூளையின் பக்கம் திரும்பியது. 1960 முதல் இசாகர் தமாரியுடன் சேர்ந்து, ஓயாத இரைச்சலுக்கு உட்படுத்தப்பட்ட எலிகளின் சூலகமும் கருவுறும் திறனும் எவ்வாறு மாறுகின்றன என்பதை ஆராய்ந்தார். புறவுலகின் ஒலி காது வழியே மூளைக்கும், அங்கிருந்து பிட்யூட்டரிக்கும், பிட்யூட்டரியிலிருந்து சூலகத்துக்கும் இறங்குகிறதா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. 1961 இல் பணி ஓய்வு பெற்ற பின்னரும் இவ்வாய்வு தொடர்ந்தது.

அஷ்ஹைம் 1965 இல் பாரிசில் காலமானார். அடுத்த ஆண்டு, நவம்பர் 8, 1966 அன்று நியூயார்க் நகரில் தமது 75 ஆம் வயதில் சோண்டெக் காலமானார்.